சிகரெட்டை விட்டபின் கவனம் நிற்பதில்லை: இது ஏ.டி.எச்.டி.யாக (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடாக) இருக்குமா?

கேள்வி (நீடாமங்கலம்)

வணக்கம். எனக்கு வயது 42. பத்தொன்பது ஆண்டுகள் நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் புகைத்துவந்த நான், தைப்பொங்கலன்று நிறுத்தினேன். இன்றுவரை ஒன்றுகூடத் தொடவில்லை. ஆனால் ஏழு மாதங்களாகியும் மனம் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது. குறுவைக்கு விதைநெல்லை ஊறவைத்து, வடித்து, முளைகட்டச் சாக்கில் மூட்டம் போட்டவன் மறுநாளே பிரித்து விதைத்திருக்க வேண்டும். டிராக்டர்காரரைப் பார்க்கக் கிளம்பி, அங்கிருந்து உரக்கடை, பிறகு வேறெங்கோ என்று அலைந்துவிட்டு மூன்றாம் நாள் சாக்கைப் பிரித்தபோது, வேர்கள் நீண்டு பின்னிக்கொண்டு கட்டியாகக் கிடந்தன. முன்பெல்லாம் வரப்பில் நின்று ஒன்று பற்றவைத்தால் அடுத்த வேலை எதுவென்று தெளிவாகிவிடும். சிகரெட்டை விட்டதால் இந்தக் கோளாறு வந்ததா, முன்பே இருந்ததை அது மூடிவைத்திருந்ததா?

மறுமொழி (கும்பகோணம்)

ஐயா, நான் ஓய்வுபெற்ற செவிலியர். நிக்கோட்டினை நிறுத்தியதும் வரும் எரிச்சலும் கவனச்சிதறலும் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். ஏழு மாதம் நீடிப்பதால் வேறு காரணத்தைத் தேடுவதே சரி. நிக்கோட்டின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தூண்டிச் சிறிது நேரம் கவனத்தைக் கூட்டுகிறது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதற்கும், அதை விடுவது அவர்களுக்குக் கூடுதல் கடினமாவதற்கும் இதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. ஆனால் இக்குறைபாடு நாற்பதில் புதிதாக முளைப்பதன்று. 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டின் வரையறைப்படி, சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் தாயாரைக் கேளுங்கள். தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

காபியையும் கவனியுங்கள். சிகரெட் புகை, கல்லீரல் காஃபினைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. புகையை நிறுத்தியபின் அதே நான்கு டம்ளர் காபி உடம்பில் நெடுநேரம் தங்கிப் படபடப்பைத் தரும். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் எளிதில் ஏற்கமாட்டார்கள்!

மறுமொழி (திருத்துறைப்பூண்டி)

அண்ணா, இதே வழியில் வந்தவன் நான். எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது 37 வயதில்தான் தெரிந்தது. மனநல மருத்துவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். பள்ளி மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதியிருந்த குறிப்புகளைக்கூடக் கேட்டு வாங்கிப் படித்தார். எனக்கு இதற்கான அடோமாக்ஸெடின் என்ற மருந்தைக் கொடுத்தார். அது பலன் தர வாரக்கணக்காகும் என்பதால் பொறுமை வேண்டியிருந்தது. இதற்கே தரப்படும் மீத்தைல்ஃபெனிடேட் போன்றவை கட்டுப்பாட்டிலுள்ள மருந்துகள். மருத்துவரின் சீட்டின்றி வாங்கவே கூடாது. முதலில் யாரிடமாவது பேசவேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். எதுவானாலும் சிகரெட்டுக்கு மட்டும் திரும்பிவிடாதீர்கள், அண்ணா. அது கொடுத்த தெளிவுக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் கேட்டேன். எட்டு வயதில் ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்க அனுப்பினால், குடத்தைப் படித்துறையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்பேனாம். அதுவும் ஒருமுறையன்று, அந்தக் கோடை முழுவதும். வரும் திங்கட்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்.