புதுப்பிப்பு: ராயபுரம் தெருச்சந்தையில் அடுப்புப் புகைக்கு வழி கிடைத்தது

அத்தோ (பர்மிய நூடுல்ஸ்), மீன் வறுவல் கடைகளின் புகை புத்தக மேசைகளுக்கும் ஓவியங்களுக்கும் போகாமல் எப்படி இடம் பிரிப்பது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, கடற்காற்றை வைத்துச் சொன்ன யோசனைதான். கோடைச் சாயங்காலம் நம்ம பக்கம் காற்று கிழக்கிலிருந்து வரும். அதனால் அடுப்புகளைத் தெருவின் மேற்கு முனைக்குத் தள்ளினோம். புத்தகமும் ஓவியமும் கிழக்கே. புகை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தார்ப்பாய்த் தடுப்பு தேவைப்படவே இல்லை.

எதிர்பாராதது: அதே காற்றில் ஓவியங்கள் பறக்கப் பார்த்தன. கயிற்றில் துணி கிளிப் போட்டதும் சரி. அப்புறம், எண்ணெய்க் கையோடு புத்தகம் புரட்டுகிறார்கள்! நடுவில் ஒரு தண்ணீர் டிரம் வைத்துவிடுங்கள்.

சந்தையில் கானா பாட்டுக்கு மைக் வைத்தால் போலீஸ் அனுமதி முன்கூட்டியே வேண்டும்; திறந்தவெளியில் ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும்.