தோட்டத் தொழிலாளர் கிராஜுவிட்டி: கூட்டாக மனு கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கேரளாவில் பீர்மேடு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா 2019இல் ஓய்வு பெற்றார், கிராஜுவிட்டி (பணிக்கொடை) இன்னும் வரவில்லை. எங்கள் லயத்தில் (தோட்டம் கொடுத்த வரிசை வீடுகள்) இதே கதையில் பல பெண்கள். லயத்தைக் காலி செய்தால்தான் பணம் என்கிறது நிர்வாகம். பணமே வராமல் எங்கே போய் வீடு பார்ப்பது? 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வருட சர்வீசுக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு.

யூனியனில் கேட்டால் பிஎல்சி (தோட்டத் தொழிலாளர் கமிட்டி) கூட்டத்தில் பேசுகிறோம் என்கிறார்கள். அது அரசு, முதலாளி, யூனியன் மூன்று தரப்பும் உட்கார்ந்து கூலி பேசும் இடம். ஓய்வு பெற்றவர்களுக்காக அங்கே யார் மல்லுக்கட்டுவார்கள்? (சந்தா மட்டும் கடைசி மாதம் வரை பிடித்தார்கள்.) 2015இல் மூணாறு பெண்கள் யூனியன் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்கள், பெம்பிளை ஒருமை என்ற அந்தப் பெண்கள் அமைப்பை எல்லாருக்கும் தெரியும். ஆனால் இங்கே எல்லாருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது, மழையில் உட்கார வைக்க எனக்கு மனசில்லை.

அதனால் லேபர் ஆபீசில் மனு கொடுக்க நினைக்கிறோம். ஒரே மனுவில் எல்லாரும் கையெழுத்துப் போடலாமா, தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டுமா? சர்வீஸ் ரெக்கார்டு கையில் இல்லாதவர்களுக்குப் பிஎஃப் சீட்டு போதுமா? தமிழில் எழுதிய மனுவை வாங்கிக்கொள்கிறார்களா? தேவிகுளம், வண்டிப்பெரியார் பக்கம் இப்படி வழக்கு நடத்திய, தமிழ் தெரிந்த வக்கீல் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.