போர் பாதித்த சமூகங்களில் உள்ளடக்கிய கல்வி: ஆய்வுக்கு வழிகாட்டல் தேவை

வணக்கம். போரால் பாதிக்கப்பட்ட சமூகங்களில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்வி குறித்து முதுநிலை ஆய்வொன்றைத் தொடங்கியுள்ளேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் 24ஆம் பிரிவு உள்ளடக்கிய கல்வியையும் (எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் சேர்ந்து கற்பதையும்) 11ஆம் பிரிவு ஆயுத மோதல் காலப் பாதுகாப்பையும் வலியுறுத்தினாலும், இடம்பெயர்ந்த குழந்தை மீண்டும் வகுப்பறைக்கு வரும் கட்டத்தில் இவ்விரண்டும் எவ்வாறு இணைகின்றன என்பதே என் கேள்வி. கண்ணிவெடியில் காலிழந்த குழந்தை எளிதில் கணக்கில் வர, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தை விடுபட்டுப்போவதாகவே எனக்குப் படுகிறது.

மாற்றுத்திறனாளிகள் குறித்த புள்ளிவிவரங்களுக்கான ஐ.நா. குழுவான வாஷிங்டன் குழுவும் யுனிசெப்பும் குழந்தைகளுக்கென உருவாக்கிய வினாத்தொகுப்பு, குறைபாட்டின் பெயரைக் கேளாமல் பார்ப்பதிலும் நடப்பதிலும் உள்ள சிரமத்தைக் கேட்பதால் அதையே பயன்படுத்த எண்ணுகிறேன். ஆனால் அதற்குப் பதிலளிப்பவர் தாயோ பராமரிப்பவரோதான். எனவே, பேச்சுமொழியைப் பயன்படுத்தாத குழந்தைகளிடம், பழைய அதிர்ச்சியைக் கிளறாமல், அவர்களின் சம்மதத்துடன் நேர்காணல் செய்த அனுபவமுள்ளவர்கள் தாங்கள் கையாண்ட முறைகளைப் பகிர்ந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.