மாதவிடாய் தள்ளிப்போவது குறித்து விளக்கம் வேண்டுகிறேன்

தோழிகளுக்கு வணக்கம். இரவுப் பணிக்கு மாறியதிலிருந்து என் தங்கைக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது. 21 முதல் 35 நாள் வரையிலான சுழற்சி இயல்பானதே என்பதையும், தூக்கக்குறைவு, மன உளைச்சல், திடீர் எடை மாற்றம் ஆகியவற்றால் கருமுட்டை வெளியாவது தாமதமானால் மாதவிடாயும் தாமதமாகும் என்பதையும் படித்தறிந்தேன். சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்றே வந்தது. மிக முன்னதாகச் செய்தால் அது தவறாகக் காட்டக்கூடும் என்பதால், ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

முகப்பருவும் முடி உதிர்வும் சேர்ந்திருப்பதே எனக்குக் கவலையளிக்கிறது. எள்ளும் வெல்லமும் கொடுத்தால் போதும் என்கிறார் அத்தை. காரணம் அறியாமல் மாதவிடாயை வரவழைக்க முயல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்), சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை மகப்பேறு மருத்துவர்கள் ஒன்றாகவே எழுதித் தருவார்களா, மருத்துவரைச் சந்திக்கும் முன் எவற்றையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் அருள்கூர்ந்து தெரிவியுங்கள்.