ஐபி ரேஞ்ச் செக்: வரக்கூடாத ஐபி எல்லாம் பாஸ் ஆகுது, உதவி தேவை

கோட்டூர்வாசி:
சி-யில் எழுதின சர்வர், இன்டெல் மெஷின், உபுண்டு. கிண்டி ஆபீஸ் மெஷின்களை மட்டும் விடணும்: 10.0.0.5 முதல் 10.0.0.250 வரை. வர்ற கனெக்‌ஷனோட எஸ்_அட்ர் (s_addr, ஐபியை 32 பிட் எண்ணா வைச்சிருக்கிற இடம்) மதிப்பு இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கான்னு பார்க்கிறேன். எல்லை ரெண்டும் ஐநெட்_பிடான் (inet_pton, ஐபி எழுத்தை எண்ணா மாத்தும் ஃபங்ஷன்) கொடுத்தது. ஆனா பெருங்குடி கிளையோட 10.0.1.20 உள்ளே வந்துடுது. டெஸ்ட்டுக்கு 8.8.8.8 கொடுத்தேன், அதுவும் பாஸ்! 10.0.0.5-ஐ நம்பரா பிரின்ட் பண்ணா 83886090 வருது. 167772165 தானே வரணும்?

பாக்கெட்பிரியன்:
பைட் வரிசைதான் ப்ரோ. 83886090-ஐப் பிரிச்சுப் பாருங்க: 5 × 16777216, கூட 10. மெமரியில் 10, 0, 0, 5-னு நெட்வொர்க் வரிசையில் (பெரிய மதிப்புள்ள பைட் முதல்ல) சரியாத்தான் கிடக்கு. இன்டெல் லிட்டில் எண்டியன் (சின்ன மதிப்புள்ள பைட் முதல்ல), அதனால முதல் பைட்டைக் கடைசி இடத்தில் வைச்சுப் படிக்குது. அதாவது உங்க எல்லை 5.0.0.10 முதல் 250.0.0.10 வரைன்னு ஆயிடுச்சு. 10.0.1.20 மெஷினுக்கு 20.1.0.10, நடுவில் விழுது. கடைசி எண் 6 முதல் 249 வரை இருக்கிற எந்த ஐபியும் நுழைஞ்சுடும். இது பாதுகாப்பு ஓட்டை, உடனே அடைங்க.

ஒப்பிடுறதுக்கு முன்னாடி மூணு மதிப்புக்கும் (எல்லை ரெண்டு, வர்ற ஐபி) என்டிஓஹெச்எல் (ntohl, நெட்வொர்க் வரிசையை மெஷின் வரிசையா மாத்தும் ஃபங்ஷன்) போட்டு, யூஇன்ட்32_டி-யில் (uint32_t, மைனஸ் இல்லாத 32 பிட் எண்) வைங்க. சாதா இன்ட் வேண்டாம், 128.0.0.0-லிருந்து மைனஸ் ஆயிடும். ஒரே மதிப்புக்கு ரெண்டு தடவை போட்டா பழையபடி திரும்பிடும், அதையும் கவனிங்க.

வடபழனி_சி:
சமமா இல்லையான்னு மட்டும் பார்க்க மாற்றவே தேவையில்லை, ரெண்டு பக்கமும் நெட்வொர்க் வரிசையில் இருந்தா போதும். மாஸ்க் (ஐபியோட முதல் சில பிட்டை மட்டும் எடுக்கிற எண்) செக்கும் அப்படித்தான், ஆனா மாஸ்க்கை நீங்க ஷிஃப்ட் பண்ணி உருவாக்கினா அதுக்கு ஹெச்டிஓஎன்எல் (htonl, மெஷின் வரிசையை நெட்வொர்க் வரிசையா மாத்தும்) கட்டாயம். /0 (ஒரு பிட்டும் எடுக்காத மாஸ்க்) வந்தா 32 பிட் ஷிஃப்ட் ஆகும். சி-யில் அது வரையறுக்கப்படாத செயல், தனியா கையாளுங்க.

லூப்பேக் (அதே மெஷினைக் குறிக்கிற 127.0.0.1) கான்ஸ்டன்ட் மெஷின் வரிசையில் இருக்கு. எஸ்_அட்ர்-ஓட நேரா ஒப்பிட்டா இன்டெல்லில் 127.0.0.1-க்கே பொய்னு வரும். 'எனி' (INADDR_ANY, எந்த முகவரியும்) கான்ஸ்டன்ட் வெறும் 0, எப்படிப் போட்டாலும் ஓடும். பலர் இதைப் பார்த்துட்டுத்தான் மற்றதுக்கும் மாற்றத்தை விட்டுடறாங்க.

கோட்டூர்வாசி:
மூணுக்கும் போட்டேன், பெருங்குடி ஐபி நின்னுடுச்சு. நன்றி! இன்னொண்ணு: ஒரே பிரின்ட்எஃப்-இல் ரெண்டு ஐபியை ஐநெட்_என்டிஓஏ (inet_ntoa, ஐபி எண்ணை எழுத்தா மாத்தும் ஃபங்ஷன்) வைச்சுப் போட்டா ஒரே ஐபி ரெண்டு தடவை வருது.

பாக்கெட்பிரியன்:
அது பைட் வரிசை இல்லை. அந்த ஃபங்ஷன் உள்ளே ஒரே ஸ்டாட்டிக் பஃபர்தான் (எல்லா தடவையும் அதே இடம்). ஒரு தடவை கூப்பிட்டப்போ எழுதினது மேலயே அடுத்த தடவை எழுதிடும். ஐநெட்_என்டாப் (inet_ntop, நாம கொடுக்கிற பஃபரில் எழுதும்) போடுங்க, ஒவ்வொரு ஐபிக்கும் தனித்தனியா 16 பைட் பஃபர். ஐபிவி6 என்றால் 46. அங்கே ஒப்பிட என்டிஓஹெச்எல் வேண்டாம், முகவரியோட 16 பைட்டை மட்டும் மெம்சிஎம்பி (memcmp, பைட் பைட்டா ஒப்பிடும்) பண்ணா வரிசையும் சரியா வரும். முழு சாக்அட்ர் (sockaddr, முகவரி, போர்ட் எல்லாம் சேர்ந்த) ஸ்ட்ரக்சரை ஒப்பிடாதீங்க. போர்ட்டும் மீதிப் பைட்டுகளும் சேர்ந்து வரும்.