காபி ஃபில்டர் அடைப்பை எடுத்த அனுபவம்: உங்கள் வீட்டில் எப்படி?

மேற்கு மாம்பலத்திலிருந்து:

எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு ஃபில்டரில் வெந்நீர் ஊற்றினால் ஆறு மணிக்கெல்லாம் முதல் டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாக இறங்கியிருக்கும். போன மாதம் அது மெல்ல மெல்லத் தாமதமாகி, ஏழு மணிக்கும் கீழ்ப் பாத்திரத்தில் ஒரு விரற்கடைகூடச் சேராத நிலை வந்தது. மேலே தண்ணீர் குளமாக நிற்கும்.

பழியைப் பொடி மேல் போட்டோம். நாற்பது சதவீதம் சிக்கரி கலந்து வாங்கிக்கொண்டிருந்ததை இருபதாகக் குறைத்தோம். அரைக்கும் கடையில் கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கச் சொன்னோம். இரண்டு நாள் நன்றாக இறங்கியது, அப்புறம் பழைய கதைதான். தினமும் சோப்பு போட்டுத் தேய்க்கிற பாத்திரம் என்பதால் ஃபில்டர் மேல் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

கும்பகோணத்திலிருந்து அம்மா வந்தார். மேல் பாத்திரத்தை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ஏண்டா, பாதிக் கண் மூடிக் கிடக்கே, தண்ணி எப்படி இறங்கும்?" என்றார். நானும் வாங்கிப் பார்த்தேன். கண் என்று அம்மா சொன்னது அடித்தகட்டில் உள்ள சின்ன ஓட்டைகளை. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத்தான் வெளிச்சம் வந்தது, சுற்றிலும் இருட்டு.

அம்மா இடுக்கியால் விளிம்பைப் பிடித்து, பாத்திரத்தின் அடியைச் சிறு தீயில் காட்டினார். முதலில் கொட்டை வறுக்கிற மணம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது கருகல் வாடையாக மாறி, கண்களில் சின்னச் சின்னச் சிவப்புப் பொறிகள் தோன்றித் தோன்றி அணைந்தன. புகை நின்றதும் இறக்கி, தண்ணீர் தெளிக்காமல் தானாகவே ஆற விட்டார். கவிழ்த்துத் தட்டியதும் கறுப்புத் தூள் மேடையில் உதிர்ந்தது. பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் வெளிப்பக்கமிருந்து தேய்த்துக் கழுவி மறுபடி ஜன்னலில் பிடித்தோம். எல்லாக் கண்ணும் திறந்திருந்தது. அடித்தகடு லேசாக நீலம் பாய்ந்திருக்கிறது, வேறு ஒரு கெடுதலும் இல்லை. மறுநாள் இருபதே நிமிடத்தில் டிகாக்‌ஷன் தயார்.

காபிக் கொட்டையில் எண்ணெய் உண்டு, சிக்கரியில் பிசுபிசுப்பு உண்டு. மாவாக அரைபட்ட தூளோடு அவை சேர்ந்து கண்ணுக்குள் காய்ந்துவிட்டால், மேலே தேய்க்கிற நாருக்கு எட்டாது. நாங்கள் சக்கையைச் சாயங்காலம் வரை அப்படியே வைத்திருப்போம். அம்மாவுக்கு அதுதான் கோபம். இப்போது இரண்டாம் டிகாக்‌ஷன் இறங்கியதுமே சக்கையைக் கொட்டி வெந்நீரில் அலசிவிடுகிறோம். பொடியை அமுக்கி வைக்கிற குடையின் அடியையும் மறக்காமல் பாருங்கள், அங்கேயும் பிசுக்கு ஏறும்.

மதுரையிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்னது எவர்சில்வருக்குச் சரி. பித்தளை ஃபில்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தீயில் காட்ட வேண்டாம். நான் காட்டிவிட்டு அழுதிருக்கிறேன்.

என் மாமியார் தன் கல்யாணச் சீரில் வந்த ஃபில்டரை எனக்குக் கொடுத்தார். உள்ளே ஈயம் பூசியது. அடைப்பு எடுக்கலாம் என்று அடுப்பில் பிடித்தேன். உள்ளே வெள்ளையாக இருந்த பூச்சு பளபளவென்று நனைந்தாற்போல் ஆகி, ஒரு பக்கமாக ஓடி, உருண்டைத் துளியாகத் திரண்டது. பூசுகிற வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடுமாம், அடுப்புத் தீக்கு அது எம்மாத்திரம்! துளிகள் கண்களுக்குள் இறங்கி உறைந்து, இருந்த அடைப்போடு ஈய அடைப்பும் சேர்ந்தது. அதை மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டிய நிமிடம் இன்னும் மனதை உறுத்துகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

ஈயம் பூசுபவரைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. பெரியவர் கரி அடுப்பில் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவினார். வெள்ளைப் புகை எழும்பியது. ஈயக்கட்டியை ஒரு தொடு தொட்டு, பஞ்சால் சுழற்றித் துடைத்ததும் உள்பக்கம் நிலா மாதிரி ஆகிவிட்டது. கண்களை ஒவ்வொன்றாகத் திறந்தும் கொடுத்தார். "புளியை வெளியே மட்டும் போட்டுத் தேயும்மா, உள்ளே கம்பி நார் கூடாது" என்றார். இப்போது கொதிக்கிற தண்ணீரில் ஊற வைத்து, சீவிய ஈர்க்குச்சி நுனியால் மெதுவாகக் குத்தி எடுக்கிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் ஈயத்தில் கீறல் விழாது.

தாம்பரத்திலிருந்து:

எங்களிடம் இருப்பது மின்சார மெஷின், பேப்பர் ஃபில்டர் வைக்கிற வகை. போர்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தோம். கரகரவென்று சத்தம் போட்டு, பாதியில் நின்றுவிடும். சூடாக்கும் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, பொடி போடாமல் பாதி ஓடவிட்டு, அரை மணி நேரம் நிறுத்தி வைத்து, மீதியையும் ஓடவிட்டேன். கண்ணாடிக் குடுவையில் வெள்ளைச் செதில்கள் மிதந்தன. புளிப்பு போக மூன்று தடவை வெறும் தண்ணீர் ஓட்ட வேண்டியிருந்தது. இப்போது கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

மேற்கு மாம்பலத்திலிருந்து:

மதுரைச் சகோதரி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, பரணில் கிடந்த பாட்டியின் பித்தளை ஃபில்டரை இறக்கச் சொன்னார். உள்ளே ஈயம் தேய்ந்து, அடியில் மஞ்சள் தெரிகிறது. இந்த நிலையில் அதில் காபி போடக்கூடாது என்று எடுத்து வைத்திருக்கிறோம். அந்தப் பெரியவர் இன்னும் வேலை செய்கிறாரா? மதுரையில் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள், அடுத்த மாதம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறோம்.