படலத்தை எடுத்துவிட்டும் ஒருமுறை பாருங்கள்: கிராபீன் பைபர் லேசர் அனுபவங்கள்

பேராதனையிலிருந்து:

நாங்கள் செய்தது எர்பியம் என்ற உலோகம் கலந்த பைபரை (கண்ணாடி இழையை) வளையமாக்கிய லேசர். 980 நனோமீற்றர் பம்ப் (லேசருக்குச் சக்தி ஊட்டும் ஒளி) கொடுத்தால் 1550 நனோமீற்றர் பக்கம் அகச்சிவப்பு ஒளி வரும். அதைத் துடிப்புகளாக்க, இரண்டு கனெக்டர் நுனிகளுக்கு நடுவே கிராபீன் (ஓர் அணு தடிப்புள்ள காபன் தாள்) கலந்த பொலிவைனைல் அல்கஹோல் என்ற பிளாஸ்டிக் படலத் துணுக்கு ஒன்றை வைப்போம். கிராபீனின் ஓர் அடுக்கு தன்மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை உறிஞ்சும். ஒளி பலமாக வந்தால் அந்த உறிஞ்சல் நிரம்பிப்போய் மிச்சத்தை விட்டுவிடும். பலவீனமான ஒளிதான் மாட்டிக்கொள்ளும். வளையத்தைச் சுற்றச் சுற்ற, பலமான பகுதி மட்டும் தப்பித் துடிப்பாகத் திரளும். 2009இல் கிராபீனால் இப்படி முடியும் என்று காட்டியதிலிருந்து எத்தனையோ ஆய்வுகூடங்கள் இதில் இறங்கிவிட்டன.

ஒசிலோஸ்கோப்பில் துடிப்பு வரிசை தெரிந்ததுமே "மோட்-லாக் ஆகிட்டுது", அதாவது ஒளி வளையத்தை ஒருமுறை சுற்றிவரும் போதெல்லாம் மிகக் குறுகிய துடிப்பு ஒன்று வருகிறது என்று எல்லாரும் துள்ளுவோம். சேர் அசையமாட்டார். "பம்ப்பைக் கூட்டுங்க" என்பார். கூட்டக் கூட்டத் துடிப்பு வீதமும் ஏறினால் அது கியூ-சுவிட்ச், அதாவது சக்தி தேங்கித் தேங்கி வெளிவருவது: மைக்ரோசெக்கன் அளவுத் துடிப்பு, கிலோஹேர்ட்ஸ் கணக்கு. மோட்-லாக்கில் வீதத்தைத் தீர்மானிப்பது வளையத்தின் நீளம். 20 மீற்றர் பைபருக்கு ஏறக்குறைய 10 மெகாஹேர்ட்ஸ். பம்ப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த இடத்தை விட்டு நகராது.

அப்புறம் "படலத்தை எடுத்துட்டுப் பாருங்க" என்பார். இதுதான் பெரிய சோதனை. பைபருக்குள் ஒளியின் முனைவாக்கம் (அலை அதிரும் திசை) தானே சுழன்று துடிப்பை உண்டாக்கிவிடக் கூடும். படலம் இல்லாமலும் அதே துடிப்பு வந்தால் அந்தப் பெருமை கிராபீனுக்குச் சேராது. இந்தச் சோதனையைக் காட்டாத ஆய்வுக் கட்டுரையை இன்றைக்கும் நான் முழுதாக நம்புவதில்லை.

பதுளையிலிருந்து:

உங்கள் சேர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி அண்ணா. நான் கிராபீனுக்குப் பதிலாக அதே வேலைக்குக் கறுப்பு பொசுபரசோடு மல்லுக்கட்டியவள். அதன் பட்டை இடைவெளி (ஒளியை உறிஞ்சத் தேவையான மிகக் குறைந்த சக்தி) ஒற்றை அடுக்கில் ஏறத்தாழ 2 இலத்திரன்வோல்ற்று, தடித்தால் 0.3 வரை இறங்கும். ஆகவே 2 மைக்ரோமீற்றர் பக்கம் ஓடும் தூலியம் லேசருக்கும் அதற்கு அப்பாலும் அருமையான பொருள். ஆனால் ஈரம், ஒட்சிசன், வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் சிதைந்துவிடும். வடகீழ்ப் பருவ மழை இறங்கினால் எங்கள் பக்கம் சுவரே வியர்க்கும். நைதரசன் நிரப்பிய பெட்டி இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

புதிதாகத் தொடங்கும் மலையகப் பிள்ளைகளுக்கு நான் கிராபீனைத்தான் சொல்வேன். காற்றில் நிற்கும். மூலப்பொருளுக்கும் தூரம் போக வேண்டாம். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிராபீனை உரித்தெடுக்கும் கிராபைட் 99 சதவீதம் வரை காபனோடு கிடைக்கிறது. கவனம் தேவைப்படுவது படலத்துக்குத்தான். பொலிவைனைல் அல்கஹோல் நீரில் கரையும் பொருள், ஈரத்தை இழுத்து ஊதிப்போகும். வெட்டிய துணுக்குகளை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள், மழை நாளில் வெளியே எடுத்ததைத் திரும்பவும் உள்ளே போடாதீர்கள்.